கரகரப்பு, உறுமல், தாவல்: பழைய ராக் ரெக்கார்டுகளுக்குக் கைவைத்தியம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் என் தாய்மாமா விட்டுப்போன ரெக்கார்டுகள் 340 என்னிடம் வந்து சேர்ந்தன. லெட் செப்பலின், டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்ட், யூரியா ஹீப், கொஞ்சம் சந்தானா. இந்த நாட்டில் 1976 ஜனவரி வரை முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. சம்பள வெள்ளிக்கிழமை கிரே ஸ்ட்ரீட் போய் ஒரு ரெக்கார்டுத் தட்டு வாங்கி வருவதுதான் மாமாவுக்குப் பொழுதுபோக்கு. அவர் காலமான பிறகு பெட்டிகள் பல வருடம் கராஜின் சிமென்ட் தரையில் கிடந்தன. எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் அந்தப் பெட்டிகளைத் தேற்றும்போது தெரிந்துகொண்டதுதான்.

இப்போது அக்கா மகனும் ஒரு டர்ன்டேபிள் (ரெக்கார்டைச் சுழற்றும் மெஷின்) வாங்கிவிட்டான். அடிக்கடி போன் வரும். "மாமா, ஊசி போச்சு போலிருக்கு, புதுசு வாங்கிடவா?" ஊசி பெரும்பாலும் போயிருக்காது. அவனுக்குச் சொன்னதையே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்: கோளாறு தட்டிலா, மெஷினிலா?

வேறொரு தட்டைப் போடுங்கள். அதிலும் அதே கோளாறு இருந்தால் மெஷின். இல்லையென்றால் தட்டு. தாவல் என்றால் இன்னும் சுலபம்: ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் தாவினால் தட்டில் குறை, இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு வேறிடம் என்றால் மெஷினில் குறை. இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் காசைக் கரைத்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் மாற்றி, ஊசியையும் மாற்றி, தட்டையும் கழுவினால் கோளாறு போய்விடும். எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படபடவென்று பொரிகிறது

கடுகு தாளிப்பது போன்ற சத்தம். இதற்குக் காரணம் மூன்று: தூசி, நிலைமின்சாரம், புகைப் படலம்.

தூசிக்குக் கார்பன் ஃபைபர் பிரஷ் போதும். தட்டு சுற்றும்போது மெதுவாகப் பிடித்து, தூசியை ஒரு கோடாகச் சேர்த்து, ஓரமாக இழுத்து எடுக்க வேண்டும். சட்டை நுனியால் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். துணி தூசியை எடுக்காது, ஊசி ஓடும் பள்ளத்துக்குள் அமுக்கிவிடும்.

டர்பனில் வருடத்தில் பாதி நாள் காற்று ஈரமாக இருப்பதால் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. ஆனால் குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து அந்தச் சூடான பெர்க் காற்று இறங்கும் நாட்களில் காற்று காய்ந்துபோகும். தட்டை உறையிலிருந்து உருவும்போதே சடசடவென்று சத்தம் கேட்கும், கை மயிர் எழும்பும். அன்றைக்குப் 'பட், பட்' என்று தனித்தனியாக வெடிப்பது கீறல் அல்ல. காகித உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே மெல்லிய பாலித்தீன் வைத்த உறை வாங்குங்கள். பாதிக் குறை தீரும்.

மூன்றாவது காரணம் நம் வீடுகளுக்கே உரியது. சாமி விளக்கும் ஸ்டீரியோவும் ஒரே அறையில் இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, கற்பூரம். அந்தப் புகை தட்டின் மேல் பிசுக்காகப் படிந்து, தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். பிரஷ் இதை எடுக்காது, கழுவத்தான் வேண்டும். நான் சாமி மாடத்தை நகர்த்தவில்லை, டர்ன்டேபிளைத்தான் அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன்.

சாம்பல் புள்ளிகள், ஈர வாசனை

இதுதான் எங்கள் ஊர் வியாதி. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெக்கையும் மழையும் சேர்ந்து வரும். கராஜில் கிடந்த மாமாவின் பெட்டியை முதன்முதலில் திறந்தபோது வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. நனைந்த அட்டை, பழைய சாக்கு, கொஞ்சம் புளிப்பு. தட்டை உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கருப்பின் மேல் ரவை தூவியது போலச் சாம்பல் புள்ளிகள். சில இடத்தில் மரக்கிளை போல விரிந்திருந்தது. பூஞ்சணம்.

பயப்பட வேண்டாம். தட்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக்கைப் பூஞ்சணம் தின்பதில்லை. அது வாழ்வது பள்ளத்தில் படிந்த அழுக்கிலும் கைரேகைப் பிசுக்கிலும். எனவே தட்டு பிழைத்துக்கொள்ளும், உறைதான் சந்தேகம்.

வேலையை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. பூஞ்சணத் தூள் மூச்சுக்குள் போவது நல்லதல்ல. டிஸ்டில்ட் வாட்டர் நான்கு பங்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் சோப் இரண்டே சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு காய்ந்ததும் பள்ளத்திலேயே தங்கிவிடும். தட்டை மெத்தென்ற துண்டின் மேல் வைத்து, லேபிளில் ஈரம் படாமல், மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே துடைக்கக் கூடாது. இரண்டாவது முறை வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் அலச வேண்டும். இதை விட்டுவிட்டால் சோப்புப் படிவம் ஊசியில் ஏறி, வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை சேரும்.

பிறகு பாத்திரம் காய வைக்கும் தட்டியில் நிறுத்தி நிழலில் காய வையுங்கள். குரங்குகளிடம் ஜாக்கிரதை. ஒருநாள் நான் வராந்தாவில் பன்னிரண்டு தட்டைக் காயப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், ஒன்று வந்து யூரியா ஹீப் உறையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்துவிட்டது. தின்னும் பண்டம் இல்லை என்று தெரிய அதற்குப் பத்து நிமிஷம் ஆனது.

முக்கியமான எச்சரிக்கை: தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் உங்களிடம் இருந்தால் அவற்றின் மேல் ஆல்கஹால் படவே கூடாது. அவை வினைல் அல்ல, அரக்கு. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் திரும்பப் போட்டால் செய்த வேலை வீண். உள்ளுறை புதிதாக வேண்டும். வெளியுறையை உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டத்தில் ஒருநாள் வைத்தால் வாசனை குறையும், முழுதாகப் போகாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்த தட்டுகளை ஒரு சொந்தக்காரர் என்னிடம் கொண்டுவந்தார். அவர் அப்படியே அடுக்கி வெயிலில் காய வைத்திருந்தார். அட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே செங்கல்லாகிவிட்டன. ஈரமாக இருக்கும்போதே தட்டை உருவி, அட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்திருந்தால் உறைகளும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

திரும்ப வராமல் இருக்க: அலமாரியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள். தட்டுகள் நேராக நிற்க வேண்டும், படுக்க வைத்து அடுக்கக் கூடாது. 100 எல்பி தட்டுகள் சேர்ந்தால் ஏறக்குறைய 25 கிலோ, எனவே மெல்லிய பலகை வளைந்துபோகும்.

கழுவியும் போகாத மூட்டம் ஒன்று உண்டு. கண்ணாடியில் மூச்சு விட்டது போல இருக்கும். அது பூஞ்சணம் அல்ல. பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த ரசாயனம் தட்டோடு சேர்ந்துவிட்ட தடம். அதற்கு மருந்து இல்லை. மற்ற தட்டுகளையாவது அந்த உறைகளிலிருந்து வெளியே எடுங்கள்.

தாவுகிறது, அல்லது ஒரே இடத்தில் சுற்றுகிறது

கீறல் விழுந்த ரெக்கார்டு போல என்று நாம் மனிதர்களைச் சொல்வோம். நிஜ ரெக்கார்டில் எல்லாத் தாவலும் கீறலால் வருவதில்லை.

முதலில் ஊசியைப் பாருங்கள். முனையில் பஞ்சுக் குஞ்சம் போல அழுக்குச் சேர்ந்திருந்தால் ஊசி பள்ளத்தில் இறங்காமல் மேலேயே வழுக்கும். மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால், உங்களை நோக்கி இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஊசியைத் தாங்கும் சின்னக் கம்பி முறிந்துவிடும். அப்புறம் ஸ்பிரிட் லெவல் வைத்து மெஷின் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். போனில் உள்ளதும் போதும்.

அடுத்தது எடை. மாமாவின் டர்ன்டேபிள் வந்தபோது ஊசித்தலையின் மேல் ஒரு 20 சென்ட் காசு டேப் போட்டு ஒட்டியிருந்தது. தாவலுக்கு அந்தக் காலத்து வைத்தியம். காசின் எடை 3.5 கிராம். ஊசி கேட்பது சுமார் 2 கிராம்தான்: ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8, ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2. ஆக 5 கிராமுக்கு மேல் அழுத்தத்தோடு அந்தத் தட்டுகள் எல்லாம் ஓடியிருக்கின்றன. மாமாவை நினைத்துக் கோபப்படவும் முடியவில்லை. காசை எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன்.

சரியான முறை இது. ஆன்டி ஸ்கேட்டை (ஊசி உள்பக்கம் இழுபடுவதைத் தடுக்கும் திருகு) 0-இல் வையுங்கள். பின்னால் உள்ள எடையைத் திருகி, ஊசியைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) மேலும் கீழும் சாயாமல் தராசு போல அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். எடையில் உள்ள எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். இப்போது எடையை வளையத்தோடு சேர்த்து, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) தயாரிப்பாளர் சொல்லும் எண் வரை திருகுங்கள். ஆன்டி ஸ்கேட்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். எடை குறைவாக இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. எடை போதாத ஊசி பள்ளத்தின் இரண்டு சுவரிலும் மாறி மாறி இடித்துக்கொண்டு போகும், தட்டுக்கு அதுவும் கேடுதான்.

ஊசி உள்பக்கமாகவே, மையத்தை நோக்கியே தாவினால் ஆன்டி ஸ்கேட் போதவில்லை. வெளிப்பக்கம் திரும்பி அதே வரியைப் பாடினால் கொஞ்சம் கூடிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு அதே இடத்தில் தாவினால் கீறல்தான். விரல்நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அது ஆழம், விட்டுவிடுங்கள். தட்டாவிட்டால் பள்ளத்தில் ஏதோ சிக்கியிருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்து, ஈரமான மரப் பல்குச்சியால் பள்ளத்தின் திசையில் வருடினால் சில சமயம் வெளியே வரும்.

வானொலி நிலையத்தில் இருந்த பழைய தட்டு என்றால் கீறலின் வடிவத்தையும் கவனியுங்கள். கைதவறி விழுந்த கீறல் வளைந்து, பாட்டு எல்லை பார்க்காமல் ஓடும். ஒரே பாட்டின் பட்டையை மட்டும் குறுக்கே வெட்டி, அடுத்த பாட்டின் எல்லையில் நின்றுவிட்டால் அது யாரோ வேண்டுமென்றே போட்டது. அபார்தைட் என்ற நிறவெறி ஆட்சிக் காலத்தில் எஸ்.ஏ.பி.சி. என்ற அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் நூலகத்தில் ஒலிபரப்பக் கூடாத பாட்டின் மேல் கூரான ஒன்றால் கீறிவைப்பார்கள். அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸின் 1970ஆம் வருடத்து 'கோல்ட் ஃபேக்ட்' தட்டுக்கும் அந்தக் கதி நேர்ந்தது. அமெரிக்காவில் யாரும் சீண்டாத அந்தத் தட்டு இங்கே வீட்டுக்கு வீடு ஓடியது வேறு கதை. அப்படிப்பட்ட கீறலைச் சரிசெய்ய முடியாது, என்னைக் கேட்டால் சரிசெய்யவும் வேண்டாம்.

'ம்ம்ம்' என்று உறுமுகிறது

பாட்டு இல்லாதபோதும் உறுமல் இருந்தால் அது மின்சாரத்தின் சத்தம். டோன் ஆர்மின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உறுமல் கூடினாலும் குறைந்தாலும் எர்த் இணைப்பில் குறை. டர்ன்டேபிளின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய தனி வயர் தொங்கும், அதை ஆம்ப்ளிஃபையரின் பின்னால் உள்ள எர்த் திருகில் மாட்ட வேண்டும். பலர் அதை உதிரி வயர் என்று நினைத்துச் சுருட்டிவைத்துவிடுகிறார்கள். ஆனால் சுவர் பிளக்கில் உள்ள எர்த் முள்ளைக் கழற்றினால் உறுமல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிர் போகிற விஷயம்.

ஊசி தட்டின் மையத்தை நெருங்க நெருங்க உறுமல் கூடினால், பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது ஆம்ப்ளிஃபையராக இருக்கலாம். இரண்டையும் தள்ளி வையுங்கள்.

லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் மட்டும் உறுமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று மாறினால் ஆராயவே வேண்டாம். விலை குறைந்த இன்வர்ட்டர் தருவது வழுவழுப்பான அலை அல்ல, படிக்கட்டு போல வெட்டிய அலை. மின்சாரம் வரும்வரை காத்திருங்கள், அல்லது பியூர் சைன் வகை இன்வர்ட்டர் வாங்குங்கள்.

தகரம் தட்டுவது போல மெலிந்த சத்தம்

போனோ பிரீஆம்ப் இல்லாமல் நேராக 'ஆக்ஸ்' துளையில் செருகியிருப்பீர்கள். தட்டை வெட்டும்போதே அடிஒலியைக் குறைத்து உச்சஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். 1954இலிருந்து அதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே அளவு இருக்கிறது. பிரீஆம்ப்தான் அதைத் திருப்பிச் சரியாக்கும். இதற்கு எதிர்மாறாக, சத்தம் பெருத்து, குழம்பி, உடைந்து வந்தால் பிரீஆம்ப் இரண்டு முறை வேலை செய்கிறது: மெஷினுக்குள் ஒன்று, ஆம்ப்ளிஃபையரில் ஒன்று. ஒன்றை அணைத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, டர்ன்டேபிளிலிருந்து வரும் சிவப்பு வெள்ளை வயர் இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். மௌனம் மறுபக்கம் போனால் குறை டர்ன்டேபிள் பக்கம். போகாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் அல்லது ஸ்பீக்கர். டர்ன்டேபிள் பக்கம் என்றால் கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு சின்ன வயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. கடல் காற்றில் அந்த முனைகள் கறுத்துப்போகும். இடுக்கியால் மெல்ல உருவித் திரும்பச் செருகினாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

பாட்டு இழுக்கிறது

நம் அக்கா மகன் ஒருநாள் லெட் செப்பலின் கேட்டுவிட்டுப் போன் செய்தான். "மாமா, பாடகர் ராபர்ட் பிளான்ட் குரல் ஏன் இவ்வளவு கட்டையா இருக்கு? ஜலதோஷமா?" அவன் வாங்கியது அமெரிக்காவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பழைய பெல்ட் மெஷின். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 வோல்ட்டை 120 ஆக்கியிருந்தான், சரிதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏசி மோட்டார் அதிர்வெண்ணுக்கு ஏற்பத்தான் சுற்றும். ஆகவே 33⅓ சுற்று 27.8 ஆகிவிட்டது, சுருதி மூன்று அரைஸ்வரம் இறங்கிவிட்டது. 50 ஹெர்ட்ஸுக்கு உரிய புல்லி (பெல்ட்டை ஓட்டும் சின்னச் சக்கரம்) கிடைத்து மாட்டிய பிறகு பிளான்டின் ஜலதோஷம் தீர்ந்தது.

இறக்குமதி இல்லாத மெஷினும் இழுத்தால் பெல்ட் தொய்ந்திருக்கும். வேகம் பார்க்கும் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை வைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்கு 180 கோடுகள் உள்ள வளையம் அசையாமல் நிற்க வேண்டும். பழைய குண்டு பல்பு அல்லது டியூப் லைட் வெளிச்சத்தில்தான் இது தெரியும், போன் டார்ச்சில் தெரியாது. வேகம் சராசரியாகச் சரி, ஆனால் சுருதி ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது என்றால் தட்டு வளைந்திருக்கும் அல்லது நடுத்துளை மையம் தப்பியிருக்கும். பிப்ரவரி வெயிலில் காரில் தட்டை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குள் போனவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கிழிகிறது

லெட் செப்பலினின் 1971 தட்டில் 'ஸ்டேர்வே டு ஹெவன்' முதல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. அதிலும் உரத்த பகுதி பாட்டின் முடிவில். தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20 சொச்சமாகக் குறைந்துவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதியாக வேண்டும். அதனால் கார்ட்ரிட்ஜின் கோணம் கொஞ்சம் தப்பினாலும் முதலில் கிழிவது இங்கேதான். கோணம் பார்க்கும் அட்டையை அச்சடித்து, ஊசித்தலையின் இரண்டு திருகையும் தளர்த்திச் சரிசெய்யுங்கள். அரை மணி நேரம் பொறுமை வேண்டும்.

கோணம் சரியாக இருந்தும் கிழிந்தால், எல்லாத் தட்டிலும் கிழிந்தால், இப்போது ஊசியைச் சந்தேகப்படலாம். சாதாரண ஊசிக்கு 500 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. ஒரு எல்பி 40 நிமிஷம் என்றால் 750 தட்டு. புது ஊசியிலும் ஒரு தட்டு மட்டும் கிழிந்தால் அந்தத் தட்டு எப்போதோ தேய்ந்துவிட்டது. 20 சென்ட் காசு ஞாபகம் இருக்கிறதல்லவா?

வால்யூம் கூட்டினால் ஊளை

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில். பிரித்து வையுங்கள்.

கோளாறே இல்லாத கோளாறுகள்

சில பாட்டுகள் அப்படித்தான். பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டின் தொடக்கம் தூரத்து ரேடியோவில் கேட்பது போல மெலிந்து கரகரக்கும். அது அவர்கள் வேண்டுமென்றே செய்தது, நான் முதல் முறை கேட்டபோது வயரை எல்லாம் பிடுங்கிச் செருகினேன். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஸ்டீரியோ தட்டில் குரல் பெரும்பாலும் வலப்பக்கம், வாத்தியம் இடப்பக்கம். ஸ்பீக்கரில் பழுதில்லை. அவர்களுடைய 'அபி ரோட்' முதல் பக்கம் கத்தரித்தது போலச் சட்டென்று நின்றுவிடும், மின்சாரம் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் போன் அடித்தது. என் மாமாவின் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டை அக்கா மகன் இரவல் வாங்கிப் போயிருந்தான். 1967இல் இங்கிலாந்தில் அச்சானது.

"மாமா, பாட்டு முடிஞ்சிடுச்சு, ஆனா யாரோ திரும்பத் திரும்ப ஏதோ உளர்றாங்க. நிக்கவே மாட்டேங்குது. தட்டு போச்சா?"

முடிவில் உள்ள வட்டப் பள்ளத்திலும் பீட்டில்ஸ் தங்கள் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். யாராவது எழுந்து வந்து தூக்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஒண்ணும் போகல. ஊசியைத் தூக்கிட்டுப் போய்ப் படுடா."